வாட்ஸ்அப் சர்ச்சில், நிஜ சர்ச்சில்: தெரிந்தவர்கள் எழுதுங்கள்

#1 பழையபேப்பர்

இன்று காலை குடும்பக் குழுவில் எங்கள் மாமா ஒரு கதை அனுப்பினார். ஸ்காட்லாந்தில் ஒரு ஏழை விவசாயி, சேற்றில் மூழ்கிக்கொண்டிருந்த பணக்காரப் பையனைக் காப்பாற்றுகிறார். பையனின் அப்பா நன்றிக்கடனாக விவசாயி மகனைப் படிக்க வைக்கிறார். அந்த மகன்தான் பெனிசிலின் கண்டுபிடித்த பிளெமிங். சேற்றில் விழுந்த பையன் சர்ச்சில். பிற்காலத்தில் அவருக்கு நிமோனியா வந்தபோது அதே பெனிசிலின்தான் காப்பாற்றியது. கடைசியில் கைகூப்பும் பொம்மை நான்கு.

படித்துவிட்டுக் கண் கலங்கியதாக அத்தை வேறு பதில் போட்டிருக்கிறார். கதை மொத்தமும் கப்சா. பிளெமிங்கே இதை மறுத்திருக்கிறார். சர்ச்சில் 1874இல் பிறந்தவர், பிளெமிங் 1881இல். இவர் மீசை முளைத்து ராணுவப் பள்ளியில் படித்த நாளில் அவர் அரைக்கால் சட்டைப் பையன்.

எனக்கு எரிச்சல் எங்கே என்றால், அந்த மனிதர் வாழ்க்கையில் நிஜமாகவே நடந்தவை இந்தக் கட்டுக்கதைகளைவிட விநோதமானவை. அவற்றை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை. இந்த இழையில் அப்படிப்பட்டதை மட்டும் போடுங்கள். புகழ்வதோ திட்டுவதோ உங்கள் விருப்பம். விஷயம் உண்மையாக இருந்தால் போதும்.

#2 மாத்திரைச்சீட்டு

நிமோனியா வந்தது உண்மைதான். 1943 டிசம்பர், டெஹ்ரான் மாநாடு முடிந்து திரும்பும் வழியில், துனிசியாவில் படுத்துவிட்டார். கொடுத்தது பெனிசிலின் இல்லை, சல்பா மாத்திரை. மே அண்டு பேக்கர் தயாரிப்பு என்பதால் 'எம் அண்டு பி' என்பார்கள். நம் ஊர்ப் பழைய மருந்துக் கடைகளிலும் அந்தப் பெயர் புழங்கியது. பார்த்துக்கொண்ட டாக்டர்கள் மோரன், பெட்ஃபோர்டு. அவர்கள் இருவருக்கும் சர்ச்சில் வைத்த பெயரும் 'எம் அண்டு பி'!

#3 கப்பன்பார்க்

நான் பெங்களூரு. இங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

இங்கே பெங்களூர் கிளப்பில் ஒரு பழைய கணக்குப் பேரேட்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். நண்பர் ஒருவர் உறுப்பினர் என்பதால் விருந்தாளியாகப் போய்ப் பார்த்தேன். 1899 ஜூன் தேதியிட்ட பக்கம். வராக்கடன் என்று தள்ளுபடி செய்த பெயர்களுக்கு நடுவே லெப்டினென்ட் டபிள்யூ. எல். எஸ். சர்ச்சில், 13 ரூபாய். வெள்ளைக்காரக் குமாஸ்தாவோ நம்ம ஊர்க் குமாஸ்தாவோ தெரியவில்லை, கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கிறது. நான் அந்த வரியைவிடக் கையெழுத்தைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் இந்தியா வந்தது 1896 அக்டோபரில். வந்த முதல் நாளே அடி. பம்பாய் சசூன் துறையில் படகு கரையை ஒட்டியதும், சுவரிலிருந்த இரும்பு வளையத்தைப் பிடித்தார். அந்த நொடியில் அலை இறங்க, படகு கீழே போக, வலது தோள் மூட்டு விலகிவிட்டது. ஆயுள் முழுக்க அந்தத் தோள் தொல்லை கொடுத்தது. போலோ ஆடும்போது மேல்கையை உடம்போடு சேர்த்து வார் போட்டுக் கட்டிக்கொள்வார். அப்படி ஆடியே 1899இல் மீரட்டில் அவருடைய ரெஜிமென்ட் கோப்பையை வென்றது.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். 1898இல் சூடானில் ஓம்டர்மான் சண்டை, குதிரைப்படைத் தாக்குதல். தோள் சரியில்லாததால் வாளை உறையில் போட்டுவிட்டுப் பிஸ்டலை எடுத்துக்கொண்டார். சுற்றிவளைத்த ஈட்டிக்காரர்களிடமிருந்து தப்பியதற்கு அதுதான் காரணம் என்று அவரே நினைத்தார். பம்பாய்த் துறைமுகத்துப் படகு ஆடாமல் நின்றிருந்தால் கதை சூடானிலேயே முடிந்திருக்கலாம்.

#4 மூணுவட்டி முனியன்

13 ரூபாய்க்கு ஆண்டுக்கு 5 சதவீதம் கூட்டு வட்டி போட்டால் 125 வருஷத்தில் 5,800 ரூபாய்க்குக் கிட்டத்தட்ட வருகிறது. எங்கள் ஊர் மூன்று பைசா வட்டி போட்டால் லண்டனையே எழுதி வாங்கலாம்.

#5 தாழம்பூ

பெங்களூரு என்றால் எனக்கு நினைவுக்கு வருவது பட்டாம்பூச்சி. பங்களாத் தோட்டத்தில் ரோஜா வளர்த்தார், பட்டாம்பூச்சி பிடித்துச் சேகரித்தார். ஒரு நாள் எலி புகுந்து முழுச் சேகரிப்பையும் தின்று தீர்த்துவிட்டது.

அப்புறம் அந்த மதிய நேரங்கள். மற்ற அதிகாரிகள் வெயிலுக்குப் பயந்து தூங்கும்போது இவர் படித்தார். கல்லூரி வாசலை மிதிக்காதவர். ராணுவப் பள்ளி நுழைவுத் தேர்வே மூன்றாவது முறைதான் தேறியது. 22 வயதில்தான் தனக்கு ஒன்றும் தெரியாது என்று உறைத்து, அம்மாவுக்கு எழுதிப் புத்தகங்களை வரவழைத்தார். கிப்பனின் ரோமப் பேரரசு வரலாறு, மெக்காலே, பிளேட்டோ, டார்வின். பிற்காலத்து மேடைப்பேச்சின் நீண்ட வாக்கியங்கள் எல்லாம் அந்தப் பங்களா வராந்தாவில் ஊறியவை. இலக்கியத்துக்கான நோபல் பரிசு (1953) வரை கொண்டுபோய் விட்டது அந்தப் படிப்பு. அமைதிக்கான நோபல் என்று பல பொது அறிவுப் புத்தகங்களில் தப்பாகப் போட்டிருக்கிறார்கள், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் கவனிக்கவும்.

#6 உறையூரான்

எங்கள் ஊர் சுருட்டை மறந்துவிட்டீர்களே! திருச்சி சுருட்டு இல்லாமல் சர்ச்சில் இல்லை. சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தது.

#7 பழையபேப்பர்

உறையூரான் அண்ணே, கோபிக்காதீர்கள். திருச்சி சுருட்டு லண்டன் வரை பேர் போனது உண்மை. ஆனால் இவருக்குச் சுருட்டு ருசி பிடித்தது கியூபாவில். 1895 நவம்பரில், ஸ்பெயினுக்கு எதிரான கலகத்தைப் பார்க்கவும் பத்திரிகைக்கு எழுதவும் அங்கே போனார். 21ஆவது பிறந்தநாள் அங்கேதான். முதன்முதலாகத் துப்பாக்கிக் குண்டு காதோரம் பறந்ததும் அங்கேதான். அதிலிருந்து ஹவானா சுருட்டுதான் அவர் பிராண்டு. உங்கள் ஊர்ப் பெருமைக்கு அவர் தேவையில்லை, விடுங்கள்.

#8 உறையூரான்

ஒரு சுருட்டாவது பிடித்திருப்பார் என்று இருக்கட்டும். அதையும் பிடுங்கிக்கொள்ளாதீர்கள்.

#9 கடலோரக்கவி

தமிழ்நாட்டோடு நிஜத் தொடர்பு வேண்டுமா? எம்டன்.

1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. ஊரே காலி ஆனது. "அவன் சரியான எம்டன்" என்று இன்றைக்கும் சொல்கிறோம். அப்போது பிரிட்டிஷ் கடற்படைக்குப் பொறுப்பான அமைச்சர் யார்? இதே சர்ச்சில். இந்தியப் பெருங்கடலில் ஒரே ஒரு கப்பல் தன் கடற்படைக்கு இரண்டு மாதம் கண்ணாமூச்சி காட்டியது அவருக்குப் பெரிய தலைவலி. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அதை முடித்தது. பிடிபட்ட கேப்டன் முல்லரும் அதிகாரிகளும் உடைவாளை வைத்துக்கொள்ளலாம் என்று லண்டனிலிருந்து உத்தரவு போனது. எதிரி என்றாலும் சண்டைக்காரனை மதிக்கும் குணம் அவரிடம் உண்டு. வெள்ளைக்காரச் சண்டைக்காரனை, என்று திருத்திக்கொள்ளலாமா? பின்னால் யாராவது அதைப் பேசுவார்கள்.

#10 மாத்திரைச்சீட்டு

என் தொழில் சம்பந்தப்பட்ட ஒன்று. 1931 டிசம்பர், நியூயார்க். டாக்ஸியிலிருந்து இறங்கி ஐந்தாம் அவென்யூவைக் கடக்கிறார். அவர் ஊரில் நம்மைப் போல இடப்பக்க ஓட்டம், அங்கே வலப்பக்கம். பழக்கதோஷத்தில் தப்பான திசையைப் பார்த்துவிட்டுக் காலை வைத்தார். கார் தூக்கி வீசியது. ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்தே அடிபட்ட அனுபவத்தைக் கட்டுரையாக்கிப் பத்திரிகைக்கு விற்றுவிட்டார்.

அமெரிக்காவில் அப்போது மதுவிலக்கு. அங்கே பார்த்த டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டு இன்றும் இருக்கிறது: விபத்திலிருந்து தேறிவருபவருக்கு, குறிப்பாகச் சாப்பாட்டு வேளைகளில், சாராயம் தேவை. அதிகபட்ச அளவு இவ்வளவு என்று கிடையாது. குறைந்தபட்சம்தான் 250 மில்லி! இருபது வருஷமாகச் சீட்டைப் படித்து மருந்து கொடுக்கிறேன், குறைந்தபட்ச அளவை மட்டும் எழுதிய சீட்டு ஒன்றுகூட என் கைக்கு வந்ததில்லை.

#11 கொத்தனார் மகன்

அப்பா கொத்தனார் என்பதால் இது எனக்குப் பிடித்த சேதி. சர்ச்சிலுக்குக் கல் கட்டத் தெரியும். கென்ட் பகுதியில் சார்ட்வெல் என்ற வீட்டை 1922இல் வாங்கினார். தோட்டத்துச் செங்கல் சுவரைத் தானே கட்ட ஆரம்பித்தார். அப்போது அவர் நாட்டின் நிதியமைச்சர். 1928இல் ஐந்து ஷில்லிங் கட்டிக் கட்டடத் தொழிலாளர் சங்கத்தில் உறுப்பினராகவும் சேர்ந்தார்.

சேர்ந்ததுதான் தாமதம், தொழிலாளிகள் கொதித்துவிட்டார்கள். இரண்டு வருஷம் முன்பு 1926 பொது வேலைநிறுத்தத்தை உடைக்க அரசுப் பத்திரிகை நடத்திய ஆள் நம் சங்கத்திலா என்று. தலைமைக் குழு அவர் சேர்ந்தது செல்லாது என்று சொல்லிவிட்டது. சுவர் இன்னும் நிற்கிறது. படத்தைப் பெரிதாக்கி அப்பாவிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "ரசமட்டம் வைக்காத வேலை, ஆனா மந்திரிக்குப் பரவாயில்லை" என்றார்.

#12 தேன்குழல்

வானொலி விஷயம் தெரியுமா? "கடற்கரைகளில் போரிடுவோம்" என்ற பேச்சை 1940 ஜூன் 4 அன்று நாடு முழுக்க ரேடியோவில் கேட்டுச் சிலிர்த்தது என்பார்கள். பேசியது நாடாளுமன்றத்தில். அங்கே ஒலிப்பதிவே கிடையாது. அன்று இரவு பிபிசியில் செய்தி வாசிப்பவர்தான் பகுதிகளைப் படித்தார். இன்று நாம் கேட்கும் குரல் அவர் 1949இல் வீட்டில் உட்கார்ந்து பேசிப் பதிந்தது.

அவருக்கு 'ஸ' சரியாக வராது. மேல்வரிசைக்குப் பல்செட் செய்தபோதுகூட அந்த உச்சரிப்பு மாறிவிடாதபடி கொஞ்சம் தளர்வாகச் செய்யச் சொன்னார். எழுதி வைத்துக்கொண்டுதான் பேசுவார். அதையும் பத்தியாக அடிக்காமல், மூச்சு விடும் இடத்தில் வரியை உடைத்து, செய்யுள் மாதிரி டைப் அடிக்கச் சொல்வார். எதுகை மோனை பார்த்து எழுதிய நம் மேடைப் பேச்சாளர்கள் அந்தத் தாளைப் பார்த்தால் உடனே புரிந்துகொள்வார்கள்.

#13 வாத்துமடம்

எல்லோரும் பெரிய விஷயமாகப் பேசுகிறீர்கள், நான் பிளாட்டிபஸ் பற்றிச் சொல்கிறேன். வாத்து மாதிரி அலகு, முட்டை போட்டுப் பால் கொடுக்கும் பிராணி. 1943இல், உலகப் போர் உச்சத்தில், சர்ச்சில் ஆஸ்திரேலியாவிடம் உயிரோடு அனுப்பி வையுங்கள் என்று கேட்டார். டேவிட் ஃபிளே என்ற விலங்கியலாளர் ஒன்றைப் பிடித்து, அதற்கென்று தொட்டியும் வளையும் செய்து, போர்ட் பிலிப் என்ற சரக்குக் கப்பலில் ஏற்றினார். பிராணிக்குப் பெயர் வின்ஸ்டன். கூடவே ஒரு காப்பாளர், மண்புழு மூட்டை.

லிவர்பூல் சேரச் சில நாள் இருக்கும்போது செத்துப்போனது. ஜெர்மன் நீர்மூழ்கிக்குப் போட்ட வெடியின் அதிர்ச்சி தாங்காமல் செத்தது என்று ரொம்ப நாளாகச் சொல்லிவந்தார்கள். கப்பலில் எழுதிய குறிப்பேட்டை அண்மையில் ஆராய்ந்தவர்கள், பூமத்திய ரேகைப் பக்கம் தொட்டித் தண்ணீர் பல நாள் சூடாகிக் கிடந்ததுதான் காரணம் என்கிறார்கள். நீர்மூழ்கி மேல் வீண்பழி. 😀

#14 ரங்கூன் பேரன்

வாத்துமடம், சிரிப்பாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். நானும் பாதி வரை சிரித்தேன். அப்புறம் 1943 என்ற எண்ணில் கண் நின்றுவிட்டது.

எங்கள் தாத்தா ரங்கூனில் அரிசி ஆலைக் கணக்கர். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பான் கைக்குப் போனது. அதற்கு முன்பே கிளம்பி, பாதி வழி நடந்து, இம்பால் வழியாக வந்து சேர்ந்தவர். கூட வந்த தம்பி வரவில்லை. சாப்பாட்டுத் தட்டில் ஒரு பருக்கை மிஞ்சினாலும் தாத்தா பேசமாட்டார், அந்தப் பருக்கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நாங்கள் பயந்து எடுத்து வாயில் போட்டுக்கொள்வோம்.

பர்மா போனதும் வங்காளம், சென்னை, இலங்கை எல்லாவற்றுக்கும் வந்த ரங்கூன் அரிசி நின்றது. ஜப்பான்காரன் வங்காளக் கரையில் இறங்கினால் ஒன்றும் கிடைக்கக்கூடாது என்று, பத்துப் பேருக்கு மேல் ஏற்றும் படகுகளை அரசாங்கம் பறிமுதல் செய்து உடைத்தது. ஆறுகளே சாலையாக இருக்கும் ஊரில் படகு இல்லையென்றால் மீனும் இல்லை, நெல் போக்குவரத்தும் இல்லை. 1942 அக்டோபரில் மேதினிப்பூர்ப் புயல். விலை ஏறியது. ராணுவத்துக்கும் கல்கத்தாத் தொழிற்சாலைகளுக்கும் முதலில் அரிசி, கிராமத்துக்குக் கடைசியில். செத்தவர்கள் சுமார் 30 லட்சம் பேர்.

இந்தியாவுக்கான அமைச்சர் அமெரி 1943 கோடையில் கேட்டது 5 லட்சம் டன் தானியம். லண்டன் போர் அமைச்சரவை அதை முழுசாகக் கொடுக்கவில்லை, கப்பல் இல்லை என்றது. கப்பல் இல்லாத அதே வருஷம்தான் ஒரு பிராணிக்குத் தொட்டி கட்டிக் கப்பலேற்றினார்கள்.

#15 நடுநிலைநாயக்கர்

ரங்கூன் பேரன், உங்கள் தாத்தாவுக்கு என் வணக்கம். ஆனால் கணக்கு என்று வரும்போது கணக்காகப் பேசுவோம். போர்ட் பிலிப் எப்படியும் இங்கிலாந்துக்குக் கிளம்பவிருந்த சரக்குக் கப்பல். ஒரு தொட்டியை இறக்கியிருந்தால் எத்தனை மூட்டை கோதுமை ஏறியிருக்கும்? நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்த காலம். பஞ்சத்தில் மாகாணங்கள் ஒன்றுக்கொன்று அரிசி தர மறுத்தன, பதுக்கல்காரர்கள் நம் ஆட்களே. 1943 அக்டோபரில் வேவல் வைஸ்ராயாக வந்ததும் ராணுவத்தை விட்டு உணவு விநியோகித்தார், அவரை நியமித்ததும் சர்ச்சில்தான். 1944 ஏப்ரலில் இந்தியாவுக்குக் கோதுமை ஏற்றக் கப்பல் கொடுங்கள் என்று ரூஸ்வெல்ட்டுக்கு எழுதினார். ரூஸ்வெல்ட் முடியாது என்றுவிட்டார். இதையும் தராசில் வைக்க வேண்டாமா?

#16 ரங்கூன் பேரன்

வைக்கலாம். 1944 ஏப்ரலுக்குள் கிராமங்கள் காலியாகிவிட்டன என்பதையும் சேர்த்து வையுங்கள்.

பதுக்கியவன் நம் ஆள்தான், மறுக்கவில்லை. நான் பேசுவது மனசைப் பற்றி. இதைச் சொன்னது காங்கிரஸ்காரர் யாரும் இல்லை, அவருடைய சொந்த அமைச்சர். அமெரியின் நாட்குறிப்பில் இருக்கிறது: இந்தியர்களை வெறுக்கிறேன் என்று சர்ச்சில் சொன்னது, முயல் மாதிரிப் பெருகுகிறார்கள் என்று சொன்னது, இந்தியா விஷயத்தில் இவர் பார்வைக்கும் ஹிட்லர் பார்வைக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்று அமெரி மனம் வெறுத்து எழுதியது, எல்லாம். வேவல் நாட்குறிப்பில் 1944 ஜூலை: காந்தி ஏன் இன்னும் சாகவில்லை என்று கேட்டுப் பிரதமரிடமிருந்து தந்தி. உணவுக் கப்பல் கேட்ட வைஸ்ராய்க்கு வந்த தந்தி இது.

#17 தாழம்பூ

அமெரி பற்றி ஒரு சின்ன விஷயம். அவர் பிறந்தது கோரக்பூரில். ஹாரோ பள்ளியில் சர்ச்சிலுக்கு மூத்த மாணவர், ஆனால் ஆள் குள்ளம். சின்னப் பையன் என்று நினைத்து சர்ச்சில் அவரை நீச்சல் குளத்தில் தள்ளிவிட்டார். மூத்தவர் என்று தெரிந்ததும் போய் மன்னிப்புக் கேட்டார். அரை நூற்றாண்டு கழித்து அமைச்சரவை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து இந்தியாவுக்கு எத்தனை கப்பல் என்று சண்டை போட்டவர்கள் அந்த இருவர்தான்.

#18 கப்பன்பார்க்

காந்தி பேச்சு வந்ததால்: இருவரும் நேரில் சந்தித்தது ஒரே ஒரு முறை. 1906 நவம்பர், லண்டன். தென்னாப்பிரிக்க இந்தியர் சார்பில் காந்தி போனார், சர்ச்சில் அப்போது காலனித் துறை துணை அமைச்சர். காந்தி கோட்டு சூட்டில் இருந்த காலம்! அதற்கும் முன்னால், 1900 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவில் நடந்த ஸ்பியான் காப் குன்றுச் சண்டையில் காந்தி ஆம்புலன்ஸ் படையில் காயம்பட்டவர்களைச் சுமந்தார், சர்ச்சிலும் அதே குன்றில் இருந்தார்.

'அரை நிர்வாணப் பக்கிரி' என்பதை அவர் அப்படியே சேர்த்துச் சொல்லவில்லை. 1931 பிப்ரவரிப் பேச்சில், பக்கிரி வேஷம் போடும் வக்கீல், அரை நிர்வாணமாக வைஸ்ராய் மாளிகைப் படியேறுகிறார் என்று இழுத்துச் சொன்னதை ஊர் சுருக்கிக்கொண்டது. சுருக்கியதில் விஷம் ஒன்றும் கூடவில்லை, குறையவும் இல்லை.

ஆனால் 1935இல் தொழிலதிபர் பிர்லா சார்ட்வெல் வீட்டுக்கு விருந்துக்குப் போனபோது, தீண்டாமைக்கு எதிராக நின்றதால் காந்தி என் மதிப்பில் ரொம்ப உயர்ந்துவிட்டார் என்று இதே ஆள் சொல்லி அனுப்பினார். ஒன்பது வருஷம் கழித்து அந்தத் தந்தி. இந்த மனிதரை ஒரு கோட்டில் நிறுத்தவே முடியவில்லை.

#19 நடுநிலைநாயக்கர்

சரி, நாட்குறிப்புகளுக்கு என்னிடம் பதில் இல்லை. கப்பல் கணக்கில் மட்டும் என் வாதத்தை விடவில்லை.

#20 தேன்குழல்

ஊர் ஜனம் கணக்குத் தீர்த்ததையும் சொல்லிவிடுகிறேன். 1945 மே மாதம் ஐரோப்பாவில் வெற்றி, ஜூலையில் தேர்தல் முடிவு: தொழிற்கட்சி 393, இவர் கட்சி 197. போட்ஸ்டாம் மாநாட்டுக்குப் பாதியில் எழுந்து வந்தவர் திரும்பிப் போகவில்லை, புதிய பிரதமர் அட்லி போனார். அவருடைய சொந்தத் தொகுதியில் பெரிய கட்சிகள் மரியாதைக்கு ஆள் நிறுத்தவில்லை. ஆனாலும் பெயர் தெரியாத ஒரு சுயேச்சை விவசாயி 10,000 ஓட்டுக்கு மேல் வாங்கினார்.

#21 பழையபேப்பர்

நேற்றிரவு பிளெமிங் கதை பொய் என்று குடும்பக் குழுவில் பணிவாக எழுதினேன். மாமா கட்டை விரல் காட்டிவிட்டு இன்னொன்று அனுப்பினார்: "சுதந்திரம் கொடுத்தால் அதிகாரம் அயோக்கியர் கையில் போகும், தண்ணீருக்கும் காற்றுக்கும் வரி போடுவார்கள் என்று சர்ச்சில் அன்றே சொன்னார்." இதுவும் அவர் பேச்சு எதிலும் இல்லாதது.

ரங்கூன் பேரன், உங்கள் #14ஐப் பெயர் இல்லாமல் அங்கே போடலாமா? மாமாவின் அப்பாவும் பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்தான்.

#22 ரங்கூன் பேரன்

போடுங்கள். தாத்தா சாப்பாட்டுத் தட்டு விஷயத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். அது வீட்டுக்குள் இருக்கட்டும்.